பலபொருள் ஒருசொல் நெறியும் காவிரி வழக்கின் ‘ஸ்கீம்’ பூசலும்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் அமையும்போது, அவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பதில் பூசல் எழுவதுண்டு. இதனைத் தீர்க்கத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் நெறி வகுத்துள்ளது. அது பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என இரண்டாகப் பகுக்கிறது. முன்னதன் பொருளை வினை, இனம், சார்பு என்னும் மூன்றால் தெளியலாம். ‘மா காய்த்தது’ எனின் வினையாலும், ‘மாவும் பலாவும்’ எனின் இனத்தாலும் மரம் என்பது பெறப்படும். போர்க்கோலம் பூண்டவன் ‘மாவைக் கொணர்க’ எனின் சார்பால் குதிரை என்பது பெறப்படும். ‘மா விழுந்தது’ என்பதிலோ வினை உதவாது. மரமும் விழும், விலங்கும் விழும். அங்கு இன்ன மா என எடுத்தோதியே ஆகவேண்டும். அவ்வாறு தெரித்துமொழியும் கடமை கேட்போனுக்கன்று, அப்பொருளைக் குறித்துச் சொன்னவனுக்கே உரியது என்பது இந்நெறியின் உயிர்ப்பகுதி.

இதனைப் பொருத்திப் பார்க்கத்தக்க அண்மைச் சான்று காவிரி வழக்கு. தருமபுரி மாவட்டம் ஏரியூர்ப் பகுதியை ஒட்டி விரிந்துள்ள மேட்டூர் நீர்த்தேக்கத்திற்குக் கர்நாடகத்திலிருந்து வரும் காவிரிநீர் பிலிகுண்டுலுவில் அளவிடப்படுகிறது. அங்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. தீர்ப்பைச் செயற்படுத்த ஆறு வாரங்களுக்குள் ‘ஸ்கீம்’ ஒன்றை வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது.

தமிழ்நாடு அச்சொல்லைக் காவிரி மேலாண்மை வாரியம் என்றே கொண்டது. நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் அவ்வாரியத்தைப் பரிந்துரைத்திருந்தமையால் இது சார்புவழிப் பொருள்கோள். ‘ஸ்கீம்’ வேறு, வாரியம் வேறு என்றது கர்நாடகம். நடுவண் அரசு, கெடு முடிந்தபின், நடுவர் மன்றப் பரிந்துரையினின்று வேறுபட்ட ஒன்றை வகுக்கலாமா என விளக்கம் வேண்டி மனுச் செய்தது. தமிழ்நாடு நீதிமன்ற அவமதிப்பு மனுவுடன் சென்றது.

‘வகுத்தல்’ என்னும் வினை இரு பொருளுக்கும் ஒக்கும். 1956ஆம் ஆண்டின் நதிநீர்ப் பூசல் சட்டத்தின் 6ஏ பிரிவோ, ‘ஸ்கீம்’ என்பதனுள் ஓர் அதிகார அமைப்பை நிறுவவும் இடந்தருகிறது. எனவே அங்கு ‘ஸ்கீம்’ முழுமை, வாரியம் அதன் உறுப்பு. சட்டத்தின் வழக்கு ஒருபுறமும் வழக்கின் சார்பு மறுபுறமும் இழுத்தன. (நாளேடுகள் இதனைத் ‘திட்டம்’ எனப் பெயர்க்காமல் ‘ஸ்கீம்’ என்றே எழுதியதும் கருதத்தக்கது. எந்தத் தமிழ்ச்சொல்லை இட்டாலும் அது ஒரு தரப்பின் பொருளாகிவிடும்.)

இந்நிலையில் தெளிவு சொன்னவரிடமிருந்தே வரவேண்டியிருந்தது. ஏப்ரல் 9 அன்று நீதிமன்றம், ‘ஸ்கீம்’ என்பது வாரியத்தை மட்டும் குறிப்பதன்று எனக் கூறி, மே 3ஆம் நாளுக்குள் வரைவை அளிக்கப் பணித்தது. மே 18 அன்று வரைவு ஏற்கப்பட்டது. ஜூன் 1 அன்று அரசிதழில் வெளிவந்தபோது அமைப்பின் பெயர் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் என்றிருந்தது.

தெரித்துமொழி வருவதற்கு 52 நாள்கள் ஆயின. அதுவரை எல்லாத் தரப்பினரும் வினை வேறுபடாத ஒரு சொல்லை, சார்பாலோ இனத்தாலோ தெளிந்துவிடலாம் என்றே வாதிட்டனர். பிப்ரவரித் தீர்ப்பிலேயே அச்சொல்லுக்கு ஓர் அடைமொழி சேர்ந்திருப்பின் அவ்வாதங்களுக்கு இடமிருந்திராது.