பழைய கடதாசியும் வகுப்பறை இரைச்சலும்

தகரக் கூரையின் கீழ் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு மழை இரைச்சலைப் பற்றி நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள் நடந்தால் மழையில்லாத நாளிலும் அதே கதைதான். ஆசிரியர் தொண்டை வரளக் கத்துவார். பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் பாதிதான் விளங்கும். அந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடுகிறோம்.

இரைச்சலில் பெரும்பங்கு எதிரொலியின் வேலை. சீமெந்துச் சுவரிலும் தகரத்திலும் பட்ட ஓசை திரும்பத் திரும்ப மோதி, ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல்லோடு கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1895 இல் ஒரு விரிவுரை மண்டபத்துக்கும் இதே குறை இருந்தது. பேசிய சொல் அடங்க ஐந்தரைச் செக்கன்கள் பிடித்தன. வொலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அளந்து பார்த்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது.

மெத்தை செய்ததைக் கடதாசியும் செய்யும். கடதாசி என்பது மரநார். அதன் நுண்துளைகளுக்குள் புகும் காற்றதிர்வு நார்களில் உராய்ந்து, சிறு வெப்பமாகி அடங்குகிறது. நியூஜேர்சியில் 1909 இல் தொடங்கிய ஹோமசோட் நிறுவனம் பழைய பத்திரிகைகளைக் கூழாக்கிச் சுவர்ப்பலகை செய்தது. ஓசை தணிக்கவும் அப்பலகை பயன்பட்டது.

பழைய கொப்பி, பத்திரிகைகளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, உரலில் இடித்துக் கூழாக்கலாம். நீரைப் பிழிந்து, சிறிது கஞ்சிப் பசை சேர்த்து, மரச்சட்டத்தில் இரண்டு விரற்கடைத் தடிப்புக்குப் பரப்பி நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இறுக்கி அமத்தினால் பலகை உறுதியாகும், ஆனால் துளைகள் அடைபட்டு ஓசையை வாங்காது. எண்ணெய் வர்ணம் பூசினாலும் அப்படியே. சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்துவது நல்லது.

தீயும் கறையானும் ஈரமும் இதற்கு எதிரிகள். கடதாசி நாரைக் கூரை, சுவர்களுக்குள் அடைக்கத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் நிறையில் 15 முதல் 20 வீதம் வரை போரன் உப்புகளைச் சேர்ப்பது தீக்கும் பூச்சிக்கும் பயந்துதான். போராக்ஸ் எனப்படும் வெங்காரம் அவ்வகையைச் சேர்ந்தது. அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் கையால் செய்த பலகையை அடுப்பு, விளக்கு, மின்கம்பிக்கு அருகில் பொருத்தவே கூடாது. மழைச்சாரல் படும் வெளிச்சுவருக்கும் இது உதவாது.

முட்டைத் தட்டுகளை ஒட்டினால் போதும் என்பார் சிலர். நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம். அவை மெல்லியவை, இலகுவில் தீப்பற்றுபவை. அடுத்த வகுப்பின் சத்தத்தை மறிக்கக் கடதாசிப் பலகையும் போதாது. அதற்குப் பாரமான மண்சுவர்தான் வேண்டும். கடதாசி மண்டபத்துக்குள் சுழலும் ஓசையைத்தான் தணிக்கும்.

முதலில் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் செய்து பாருங்கள். வெறும் மண்டபத்தில் நின்று, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை கைதட்டினால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.