எண்ணெய் ஏன் கறுக்கிறது?

துரித உணவுக் கடைகளில் எண்ணெய்ச் சட்டி கருநிறமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் உணவின் ஈரத்தோடும் வினைபுரிந்து சிதைகிறது. அப்போது உண்டாகும் பொருள்களுக்கு 'மொத்த முனைவுச் சேர்மங்கள்' என்று பெயர். இவை மிகுந்த எண்ணெயை நாள்தோறும் உண்போர்க்கு இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே, இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

இதை என் தந்தையிடம் சொன்னேன். அவர் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுபவர். "எண்ணெயைக் கொட்டினால் அன்றைக்குக் கூலியே போய்விடுமே, தம்பி!" என்றார். அதுவும் உண்மைதான். இப்போது சிறிய சட்டியில் அளவாக ஊற்றுகிறார்; இரவில் மிஞ்சுவது சிறிதளவே. அதைக் கொட்டிவிடுகிறார்.

கற்ற வேதியியல் முதலில் நம் வீட்டு அடுப்புக்குப் பயன்படட்டும்!