துடைத்தால் புதுப் பக்கம்

ஆத்தூர்ப் பக்கத்து வேலியோரக் கோவைக்கொடியும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சாமான்தான். இலையைக் கசக்கித் தேய்த்தால் சிலேட்டு கன்னங்கரேலென்று ஆகிவிடும்; பலப்பத்தால் மறுபடி எழுதலாம்.

அதே சிலேட்டு இப்போது நோட்டாகத் திரும்பியிருக்கிறது. பாலியெஸ்டர் கலந்த வழவழப்பான தாள். அன்றைய வேலை, மளிகைப் பட்டியல் எல்லாம் எழுதலாம். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். எழுதத் தனிப் பேனா வேண்டும்: ஜப்பானின் பைலட் நிறுவனம் தயாரிக்கும் ஃப்ரிக்சியன். சாதாரண பால்பாயிண்ட் பட்டால் போச்சு, கறை போகாது.

ஃப்ரிக்சியன் மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறம் இழக்கும். சித்திரை வெயிலில், பூட்டிய காரின் முன்கண்ணாடியோரம் நோட்டை வைத்தால் எழுத்து காணாமல் போகலாம்.

பதற வேண்டாம். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மங்கலாகவாவது திரும்பும். வீட்டு ஃப்ரீசரே போதும். காசோலையில் மட்டும் இந்தப் பேனா கூடவே கூடாது.