மங்கிய உருவமும் தேயிலைக் கறையும்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் மலைப்பாதை போகவந்தலாவையை அடையும்போது, இரு மருங்கிலும் தேயிலையைத் தவிர வேறொன்றும் கண்ணிற் படுவதில்லை. அங்கே புனித மரியாள் ஆலய வளவில் ஒரு கல்லறை உண்டு. ஆங்கிலக் கவி தெனிசனையும், விஞ்ஞானி டார்வினையும், வானநூல் வல்ல ஹெர்ஷலையும் இன்று நாம் எந்த முகத்தோடு நினைவுகூர்கிறோமோ, அந்த முகங்களை உலகிற்கு விட்டுச் சென்ற அம்மையார் அங்கே உறங்குகிறார். ஜூலியா மார்கரெட் கமெரன் என்பது அவர் பெயர். 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் தேதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேண் தோட்டத்தில் அவர் உயிர் நீத்தார்.

கலைஞன் ஒருவனுக்குத் தனிப்பாணி எங்ஙனம் வாய்க்கிறது என்பது சித்திரம் பயிலும் மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிறவித் திறன் என்பர் சிலர். குருவின் அருள் என்பர் சிலர். இவ்வம்மையாரின் வாழ்வைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கையில் வந்து சேர்ந்த ஒரு குறையைக் குறையென்று தள்ளாமல், “இதுவே எனக்கு வேண்டியது” என்று அடையாளங் கண்டு ஏற்கும் கணத்திலேதான் பாணி பிறக்கிறது போலும்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த கமெரன் அம்மையார் 1863ஆம் ஆண்டின் இறுதிவரை நிழற்படக் கருவியைக் கையாண்டவரல்லர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. தனிமையிற் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கருவியைப் பரிசளித்தனர். உவைற் தீவில் இருந்த தம் வீட்டின் கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூடமாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே கழுவியெடுக்க வேண்டும். தூசி படியும், விரலடையாளம் பதியும், பூச்சு உரியும். எதிரில் அமர்ந்தவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். யாரால் முடியும்?

முதலில் அவருக்குக் கிடைத்த வில்லை, படத்தின் எல்லாப் பகுதியையும் ஒரே தெளிவோடு காட்டவல்லதன்று. ஆகவே உருவங்கள் மங்கின. நிழற்படச் சங்கத்தின் விமரிசகர்கள் இதைக் கைத்திறனின்மை என்று எள்ளினர். அம்மையார் பின்னர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலோ, வில்லையைத் திருகிவரும்போது கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே தாம் நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை செல்லவில்லை என்றும் கூறுகிறார். முதலில் தற்செயலாய் வந்தது, பின்னர் தெரிவாயிற்று. இதற்குச் சான்றும் உண்டு. 1866இல் இன்னும் பெரிய கருவியும் நல்ல வில்லையும் வாங்கினார். இனித் தெளிவான படம் எடுப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். முகங்கள் தகட்டை நிறைத்தன. மங்கல் அப்படியே இருந்தது.

கணவர் சாள்ஸ் ஹே கமெரன் இலங்கைக்குப் புதியவரல்லர். நம் வரலாற்று மாணவர் மனனஞ் செய்யும் கோல்புறூக் – கமெரன் ஆணைக்குழுவின் கமெரன் அவரே. அவர் இங்கே கோப்பி நிலங்கள் வாங்கியிருந்தார். 1875இல் குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. அது கோப்பி சாகத் தொடங்கிய காலம். 1869இல் தோன்றிய இலைநோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. யேம்சு தெயிலர் லூல்கந்துறையில் 1867இல் நட்ட தேயிலை மெல்ல அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று.

களுத்துறையிலும் மலைநாட்டிலுமாக அம்மையார் கழித்த அம்மூன்று சொச்ச ஆண்டுகளிற் பிறந்த படங்களுள் இன்று அறியப்படுபவை முப்பதுக்கும் குறைவு. 1877இல் செடிகொடி ஓவியர் மரியான் நார்த் களுத்துறைக்கு விருந்தினராய் வந்தபோது, அவரைச் சால்வை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகளின் முன் நிறுத்திப் படமெடுத்த கதையை நார்த் நகைச்சுவையோடு எழுதிவைத்திருக்கிறார். இலையின் ஒவ்வொரு நரம்பையும் தவறாது தீட்டும் நார்த் ஒரு புறம். இலை எதுவென்றே தெரியாவிடினும் முகத்தின் உள்ளொளி தெரியவேண்டும் என்னும் கமெரன் மறுபுறம். ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் எதிரெதிரான இரு பாணிகள் சில நாள் கூடியிருந்தன.

ஆனால் நம்மவர்க்கு இங்கே நெஞ்சில் உறுத்தும் ஒன்று உண்டு. இலங்கையில் அவர் படமெடுத்தவர்களிற் பலர் தோட்டக் கூலிகளும் அயற் கிராமத்தவரும். களுத்துறைக் குடியானவர் என்னும் படத்தின்கீழ், பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், அவள் தந்தையெனக் கூறும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. வேறு படங்களிலும் ‘இலங்கைப் பெண்’ என்பதோடு சரி. தெனிசனுக்குக் கொடுத்த அதே ஒளியை, அதே பொறுமையை, அதே மங்கலைத்தான் இவர்களுக்கும் கொடுத்தார். அதில் வஞ்சனை இல்லை. பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதிய காலம் அது. செக்றோலில் இருந்த பெயர் சித்திரத்துக்கு வந்து சேரவில்லை. ஒருவருடைய பாணி எதைப் பார்க்கிறது என்பதைப் போலவே, எதைக் கேட்க மறந்தது என்பதும் அப்பாணியிற் சேர்ந்ததே.

இதை வாசிக்கும் கண்டி அன்பர்கள், நம் மலைகளிற் பாணி என்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த சரக்கா என்று கேட்கக்கூடும். இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தெகல்தொருவைக் குகைக் கோயிலிற் சாதகக் கதைகளைத் தீட்டிய தேவரகம்பொல சில்வத்தென்ன என்பாரின் பெயர் நமக்குத் தெரியும். செந்நிறப் பின்னணி, நாடா நாடாவாய் ஓடும் கதை, நிழலற்ற தட்டையான உருவம் ஆகிய யாவும் மரபு கொடுத்தவை. இம்மரபை நூலாக்கியவர் ஒரு தமிழர் மகன். கனிப்பொருள் ஆய்வாளராக மலைநாடெங்கும் நடந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞரின் கலையைப் பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். கைவினைஞன் தன்னைக் காட்ட வரைவதில்லை என்பது அவர் கட்சி. மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஒரு குகையின் கோடும் மற்றொரு குகையின் கோடும் ஒன்றல்ல என்பதைக் கண் சொல்லிவிடுகிறது.

1901இல் கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற், இந்தக் கோயிற் கோட்டையும் பிக்காசோவின் உடைந்த உருவங்களையும் ஒரே கையாற் பற்றியவர். பொறளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939–40இல் அவர் தீட்டியவற்றில் அந்தக் கலப்பைக் காணலாம். 1943இல் கொழும்பில் ‘நாற்பத்து மூன்று குழு’வை அமைக்க முன்னின்ற லயனல் வென்ற், நிழற்படக்காரர். இருட்டறையில் வெளிச்சம் புகுந்தால் படம் கெடும் என்பது பால பாடம். அவர் வேண்டுமென்றே வெளிச்சத்தைப் புகவிட்டு, விளிம்பெல்லாம் கரிய கோடு ஓடும் உருவங்களைப் படைத்தார். கமெரன் அம்மையாரின் கதையே மறுபடியும்!

தோட்ட மக்கள் நிழற்படக் கருவியை மீண்டும் பெருந்தொகையாகச் சந்தித்தது வேறொரு வகையில். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் கடவுச்சீட்டுக்காகக் கருவியின் முன் அமர்ந்தார்கள். நேர்முகம், தெளிந்த வெளிச்சம், பக்கத்திற் பெயர். ஒரு காலத்தில் கலை இருந்தது, பெயர் இல்லை. இப்போது பெயர் இருந்தது, கலை இல்லை.

மாசி மாதத்துக் காமன்கூத்தில் மதனும் ரதியும் அரிதாரம் பூசி நின்ற லயத்து முற்றங்களிலே வண்ணமும் உருவமும் என்றும் வற்றியதில்லை. தாளில் மட்டுமே அவை ஏறாதிருந்தன. நம் காலத்தில் மலையகத்திலிருந்து புறப்பட்ட ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வண்ணமாகக் கொண்டு, கொழுந்து பறிக்கும் பெண்களின் வாழ்வைத் தீட்டுகிறார். தேநீரைத் தாளிற் சிந்தினால் உலரும்போது சாயம் ஓரத்துக்கு ஓடிக் கருத்த விளிம்பாய் நிற்கும், நடு வெளிறும். அதைத் தடுத்தல் கடினம். துணியிற் பட்டால் வீட்டில் ஏச்சு விழும் கறை அது. தோட்டத்துப் பிள்ளைகள் அறியாததன்று.

ஹட்டன் பக்கம் மாணவரை அழைத்துச் செல்லும் சித்திர ஆசிரியர்கள் போகவந்தலாவைக் கல்லறைக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். அம்மையாரின் இலங்கைப் படங்களின் பிரதிகள் இரண்டொன்றைக் கையோடு கொண்டுபோதல் நன்று. அங்கே நின்று, அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.