'சுகியாக்கி' என்று பெயர் மாறிய அழுகை... 60 ஆண்டுகளாக ஜப்பானைத் தேற்றும் ஒரு பாட்டு!

டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது கவாசாகி நகரம். அங்குள்ள கெய்க்கியூ ரயில் நிலையத்தில், வண்டி வரும்போது நம் ஊரைப் போல கரகர அறிவிப்பு மட்டும் கேட்காது. ஒரு மெட்டும் ஒலிக்கும். சில விநாடிகள்தான். கையில் பையோடு ஓடிவருபவர்களில் பலருக்கு அதைப் பாடிய குரல் யாருடையது என்று தெரியும். அந்த ஊரிலேயே பிறந்த கியூ சகமோட்டோ!

அந்தப் பாட்டின் பெயர் 'உவே ஓ முயிதே அருகோ'. 'மேலே பார்த்தபடி நடப்போம்' என்று பொருள். 1961-ல் வெளியான இந்தப் பாட்டு தெரியாத ஜப்பானியர்களைப் பார்ப்பது அரிது. பழைய நினைவு நெஞ்சில் இனிப்பாகவும் வலியாகவும் ஒரேநேரத்தில் எட்டிப் பார்க்குமே, அந்த உணர்வை ஜப்பானியர்கள் 'நட்சுகாஷி' என்பார்கள். அந்த வார்த்தைக்கு இசை வடிவம் கேட்டால் அவர்களில் நிறையப் பேர் இந்தப் பாட்டைத்தான் பாடிக்காட்டுவார்கள்.

6, 8, 9!

பாட்டுக்குப் பின்னால் மூன்று பேர். எழுதியவர் ரொகுசுகே எய். இசையமைத்தவர் ஹச்சிடாய் நகமுரா என்ற ஜாஸ் பியானோ கலைஞர். பாடியவர் கியூ சகமோட்டோ. ஜப்பானிய மொழியில் ரொகு என்றால் 6, ஹச்சி என்றால் 8, கியூ என்றால் 9. யாரும் திட்டமிட்டு வைத்த பெயர்கள் இல்லை. ஆனாலும் மூவரையும் சேர்த்து '6-8-9 கூட்டணி' என்றே ஜப்பான் கொண்டாடியது. சகமோட்டோ வீட்டின் ஒன்பதாவது பிள்ளை, அதனால்தான் பெயரிலேயே ஒன்பது!

பாட்டில் வருபவன் தனியாக இரவில் நடக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். அவ்வளவுதான் கதை. ஏன் அழுகிறான்? பாட்டு கடைசிவரை சொல்லவே இல்லை.

சொல்லாத அந்தக் காரணம் 1960-ல் இருக்கிறது. அமெரிக்காவுடன் ஜப்பான் புதுப்பித்துக்கொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த ஆண்டு டோக்கியோ வீதிகள் கொந்தளித்தன. லட்சக்கணக்கில் மக்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். ஜூன் 15-ம் தேதி நடந்த மோதலில் ஒரு மாணவி உயிரிழந்தார். ஆனாலும் சில நாள்களில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. போராடியவர்களில் ஒருவர், அப்போது 27 வயதான ரொகுசுகே எய். தோற்றுப்போன மனதோடு வீடு திரும்பிய அந்த நடைதான் இந்தப் பாட்டாக மாறியது என்பார்கள். காதல் தோல்வியில் பிறந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், 27 வயதில் துக்கம் ஒன்றாகவா வரும்?

"இது என்ன பாட்டு?"

சகமோட்டோவுக்கு அப்போது வயது 19. எல்விஸ் பிரெஸ்லியின் தீவிர ரசிகர். பாடும்போது வார்த்தைகளை இழுத்து, நடுவில் விக்கல் மாதிரி ஒரு துள்ளல் கொடுப்பார். 'உவே' என்ற சின்ன வார்த்தையை அவர் பிய்த்துப் பிய்த்துப் பாடியதைக் கேட்ட எய்க்குக் கோபமே வந்துவிட்டது. தன் வரிகளை இந்தப் பையன் கெடுக்கிறான், பாட்டு தேறாது என்று நினைத்தார். அவர் கணக்கு தப்பாகிப்போனது. என்.ஹெச்.கே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட்டு ஒலித்தது. அக்டோபரில் இசைத்தட்டு வந்தது. நாடே முணுமுணுத்தது.

எய் குறை சொன்ன அந்த விக்கல்தான் பாட்டின் உயிர் என்று தோன்றுகிறது. சோகத்தைச் சோகமாகவே பாடியிருந்தால் இது இன்னொரு அழுகைப் பாட்டாகப் போயிருக்கும். சகமோட்டோ சிரித்த முகத்தோடு பாடினார், நடுவில் விசில் அடித்தார். அழுகையை மறைக்க விசில் அடிப்பவனை யாருக்குத்தான் பிடிக்காது?

அதைக் கேட்க அன்றைய டோக்கியோவில் ஒரு பெரும் கூட்டம் தயாராக இருந்தது. 1950-களின் நடுவிலிருந்து, வடகிழக்குக் கிராமங்களில் நடுநிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகளைச் சிறப்பு ரயில்களில் ஏற்றி டோக்கியோவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். 15 வயது. தொழிற்சாலை, கடை, முதலாளி வீட்டு மாடியில் படுக்கை. அவர்களுக்கு 'தங்க முட்டைகள்' என்று செல்லப் பெயர் வேறு! அம்மாவை நினைத்து அழுதால் பக்கத்தில் படுத்திருப்பவன் பார்த்துவிடுவான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, அழுகையை அடக்கிக்கொண்டு நடப்பவன் அந்நியன் இல்லையே! அந்தப் பிள்ளைகள் வந்திறங்கிய உவேனோ ரயில் நிலையத்தைப் பற்றியே 1964-ல் ஹச்சிரோ இசாவா பாடிய பாட்டும் பெரிய வெற்றி. அதற்கு அந்த நிலைய வாசலில் நினைவுக்கல் இருக்கிறது.

பெயர் மாறிய கதை

அடுத்து நடந்தது கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் வருத்தம். ஜப்பானுக்கு வந்த பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் ஒருவருக்கு மெட்டு பிடித்துப்போனது. ஆனால், பெயர் வாயில் நுழையவில்லை. வெளிநாட்டினருக்குத் தெரிந்த ஜப்பானிய வார்த்தை ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டார்கள்: 'சுகியாக்கி'. அது மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, காய்கறிகளோடு வேகவைத்துச் சாப்பிடும் ஓர் உணவு! கண்ணதாசன் எழுதிய சோகப் பாட்டை 'பிரியாணி' என்ற பெயரில் வெளிநாட்டில் விற்றால் எப்படி இருக்கும்?

பெயர் எப்படியோ, பாட்டு ஜெயித்தது. 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம். தொடர்ந்து மூன்று வாரங்கள்! ஜப்பானிய மொழியிலேயே பாடப்பட்டு அங்கே முதலிடம் பிடித்த ஒரே பாட்டு இன்றுவரை இதுதான். உலகப் போர் முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்க ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்றவர் எழுதிய பாட்டை, என்ன சொல்கிறது என்று தெரியாமலே அமெரிக்கர்கள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' குழு 1981-ல் ஆங்கிலத்தில் பாடியபோது அது முழுக்க முழுக்கக் காதல் பிரிவுப் பாட்டாகிவிட்டது.

சகமோட்டோவுக்கு அந்த உயரம் மறுபடி வாய்க்கவில்லை. அமெரிக்காவில் அடுத்த பாட்டுகள் பெரிதாக எடுபடவில்லை. ஜப்பானிலோ அவர் 'கியூ சான்'தான். நடித்தார், நிகழ்ச்சிகளைத் தொகுத்தார். 1971-ல் நடிகை யுகிகோ காஷிவாகியைத் திருமணம் செய்தார். இரண்டு மகள்கள்.

அந்த ஆகஸ்ட் மாலை

1985 ஆகஸ்ட் 12. முன்னோர்களை நினைவுகூரும் 'ஒபோன்' விடுமுறை நேரம். எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். டோக்கியோவிலிருந்து மாலை 6.12-க்கு ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் நிரம்பி வழிந்தது. மொத்தம் 524 பேர். அவர்களில் ஒருவர் 43 வயது சகமோட்டோ.

கிளம்பிய சில நிமிடங்களில் விமானத்தின் வால் பகுதி சிதைந்தது. கட்டுப்பாடு இழந்து அரை மணி நேரத்துக்கும் மேல் தள்ளாடியது. அந்த நேரத்தில் சில பயணிகள் கையில் கிடைத்த தாள்களில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கடைசி வார்த்தைகளை எழுதினார்கள். 6.56-க்கு குன்மா மாகாண மலையில் மோதியது. பிழைத்தவர்கள் 4 பேர். 520 பேர் இறந்தார்கள், சகமோட்டோவும்தான்.

அன்றிலிருந்து பாட்டுக்கு இன்னொரு பாரம் சேர்ந்துவிட்டது. சிரித்தபடி பாடிய அந்தக் குரலை, அதன் முடிவை நினைக்காமல் கேட்பது மூத்த தலைமுறைக்குச் சுலபமில்லை.

2011 மார்ச் 11-ல் நிலநடுக்கமும் சுனாமியும் வடகிழக்கு ஜப்பானைச் சூறையாடின. ஒருகாலத்தில் 'தங்க முட்டைகள்' ரயிலேறிய அதே பகுதி. அடுத்த சில வாரங்களில் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. பாடகர்களும் நடிகர்களும் ஆளுக்கொரு வரியாக இதே பாட்டைப் பாடினார்கள். அதே ஆண்டில் வெளியான ஜிப்லி ஸ்டூடியோவின் 'ஃப்ரம் அப் ஆன் பாப்பி ஹில்' அனிமேஷன் படத்திலும் இது ஒலித்தது. கதை நடப்பது 1963-ல். அந்தப் படம் பார்த்துப் பாட்டைத் தேடிப்போன இளசுகள் ஏராளம்.

இசையமைத்த நகமுரா 1992-ல் மறைந்தார். கடைசியாக மிஞ்சியவர் எய். தொலைக்காட்சியைவிட வானொலியை நேசித்தவர், பல பத்தாண்டுகள் அதில் பேசிக்கொண்டே இருந்தார். 2016 ஜூலையில் 83 வயதில் அவரும் போய்விட்டார்.

கவாசாகியில் இன்றும் வண்டி வரும்போது அந்த மெட்டு கேட்கிறது. பாட்டில் வார்த்தை இல்லை, விக்கலும் இல்லை. கதவு மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும்.