இரத்த வகை பொருந்தினால் போதாதா?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவை என்று கூறியவுடன் குடும்பத்தினர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “எங்களுள் சிலருக்கு நோயாளியின் இரத்த வகையே உள்ளது. அவர்களுள் ஒருவர் கொடுக்கலாமா?” இதற்கான விடை சிவப்பணுக்களில் இல்லை, வெள்ளையணுக்களில் இருக்கிறது.

வெள்ளையணுக்கள் உள்ளிட்ட பெரும்பாலான உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உள்ளன. தன் அணு எது, அயல் அணு எது என்பதை நோய் எதிர்ப்பாற்றல் இவற்றைக் கொண்டே பிரித்தறிகிறது. இவற்றுள் முதலாவதை பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1958-இல் விவரித்தார். 1980-இல் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். ஏ, பி, ஏபி, ஓ என இரத்த வகைகள் நான்கே. எச்.எல்.ஏ. மரபணுக்களிலோ பல்லாயிரம் மாற்றுவடிவங்கள் அறியப்பட்டுள்ளன. இரத்த வகை வேறாக இருந்தாலும் இச்சிகிச்சை இயலும். பின்னர் நோயாளியின் இரத்த வகை கொடையாளருடையதாகவே மாறிவிடும். எச்.எல்.ஏ. பொருத்தமே இன்றியமையாதது.

இம்மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அருகருகே அமைந்திருப்பதால், பெரும்பாலும் ஒரே தொகுதியாகப் பிள்ளைகளைச் சேர்கின்றன. தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் வருகின்றன. ஆகவே, உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் பொதுவாகப் பாதியளவே பொருந்துவர். பொருந்தாமை எவருடைய குறையும் அன்று. தம் உடன்பிறப்புக்கு உதவ இயலவில்லையே என்று வருந்துவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

வீட்டில் பொருத்தம் அமையாதபோது கொடையாளர் பதிவேடுகளில் தேடுகிறோம். உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். ஆயினும் இந்திய நோயாளிகளுக்குப் பொருத்தம் எளிதில் கிடைப்பதில்லை. எச்.எல்.ஏ. தொகுதிகள் மக்களினத்துக்கு மக்களினம் வேறுபடுவதே காரணம். சான்றாக, வட ஐரோப்பியரிடத்தில் பி8, டிஆர்3 என்னும் வடிவங்கள் பெரும்பாலும் ஏ1 உடன் சேர்ந்து வருகின்றன. இந்தியரிடத்தில் அவை ஏ26 உடன் சேர்ந்து வருவதே மிகுதி. அந்தந்த நிலப்பகுதியில் மக்கள் எதிர்கொண்ட தொற்றுநோய்களும், இடப்பெயர்வும், பல தலைமுறைகளாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கமும் இவ்வேறுபாட்டை உருவாக்கின. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. நம் நோயாளிகளுக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் நம்மிடையேதான் இருப்பார். அவர் பதிவேட்டில் இல்லையெனில் அவரைக் கண்டறிய வழியில்லை.

முழுப்பொருத்தம் கிடைக்காவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பெற்றோரோ பிள்ளைகளோ கொடையாளராகும் பாதிப்பொருத்தச் சிகிச்சை இன்று பல மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. எது ஏற்றது என்பதை நோயின் தன்மை, வயது, காலஅவகாசம் ஆகியவற்றைக் கொண்டு உங்களுடன் கலந்தே முடிவு செய்கிறோம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி போன்ற பதிவேடுகளில், 18 வயது நிறைந்த உடல்நலமுள்ளோர் பதிவு செய்யலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியே போதுமானது. பொருத்தம் கண்டறியப்பட்டால், சில நாள்கள் ஊசி மருந்து செலுத்தியபின், பெரும்பாலும் கையின் இரத்தக்குழாய் வழியாகவே ஸ்டெம் செல்கள் சேகரிக்கப்படுகின்றன. கொடுத்தவற்றை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். ஒன்று மட்டும் வேண்டுகிறோம்: பதிவு செய்யுமுன் நன்கு சிந்தியுங்கள். பொருத்தமானவர் கிடைத்துவிட்டார் என்று அறிந்த நோயாளி, அவருடைய சொல்லை நம்பியே காத்திருப்பார்.