பிறந்த தேதியில் சிக்கிய சாமியார்

கோடிக்கணக்கான பக்தர்கள் கொண்ட ஒரு சாமியார் மீது பதினாறு வயதுச் சிறுமி பாலியல் புகார் கொடுக்கிறாள். ஸ்கூட்டரில் நீதிமன்றம் போகும் ஜோத்பூர் வழக்கறிஞர் பி.சி. சோலங்கி அந்த வழக்கை ஏற்கிறார். 2023 மே மாதம் ஜீ5 தளத்தில் வந்த 'சிர்ஃப் ஏக் பந்தா காஃபி ஹை' என்ற இந்திப் படத்தின் கதை இதுதான். சோலங்கியாக மனோஜ் பாஜ்பாய். படத்தில் 'பாபா' என்று மட்டும் அழைக்கப்படுபவர் நிஜத்தில் ஆசாராம் பாபு.

சிறுமிக்கு வயது பதினெட்டு நிரம்பிவிட்டது என்று காட்டிவிட்டால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமே பொருந்தாது. அதனால் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை உடைக்க எதிர்த்தரப்பு மல்லுக்கட்டுகிறது. படத்தின் உயிர் இந்த வாதங்களில்தான் இருக்கிறது. சோலங்கியும் சிவபக்தர் என்பதால் சண்டை பக்தியோடு அல்ல என்பது தெளிவாகிறது.

நிஜ வழக்கு இன்னும் கொடியது. சிறுமியின் பெற்றோர் ஆசாராமின் நெடுநாள் பக்தர்கள். மகளை அவருடைய குருகுலத்தில்தான் சேர்த்திருந்தார்கள். ஆசாராம் மீதான வழக்குகளின் சாட்சிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படியும் சிறுமி பின்வாங்கவில்லை. 2018 ஏப்ரல் 25 அன்று ஜோத்பூர் சிறைக்குள்ளேயே கூடிய நீதிமன்றம் ஆசாராமுக்குச் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது.

தமிழர்கள் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள். இலங்கை மாத்தளையில் பிறந்த சாமியார் பிரேமானந்தா, அங்கே நடந்த 1983 இனக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு வந்து விராலிமலைக்கு அருகே ஆசிரமம் அமைத்தார். சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் எடுப்பார். கூட்டம் கண்ணீர் மல்கும். அவரை நம்பி வந்த ஆதரவற்ற இலங்கைச் சிறுமிகளும் அங்கே வளர்ந்தார்கள். 1994இல் ஆசிரமத்திலிருந்து தப்பி வந்த ஒரு பெண் வாய் திறந்தாள். கலைக்கப்பட்ட கருவின் மரபணுச் சோதனை அவரைக் காட்டிக்கொடுத்தது. பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றங்களுக்காக 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே பானுமதிதான்.

மலேசியாவின் கோத்தா திங்கி வாசகருக்கு இதெல்லாம் கடல் தாண்டிய சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் 2024 செப்டம்பர் 11 அன்று சிலாங்கூர், நெகிரி செம்பிலானில் 20 பராமரிப்பு இல்லங்களில் புகுந்த மலேசியப் போலீசார், பாலியல் கொடுமை உள்ளிட்ட துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்ட 402 சிறுவர் சிறுமியரை மீட்டார்கள். அந்த இல்லங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட ஜிஐஎஸ்பி நிறுவனத்தின் வேர், 1994இல் தடைசெய்யப்பட்ட அல்-அர்காம் என்ற மத இயக்கத்தில் இருக்கிறது.

சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென 2017இல் வந்த மலேசியச் சட்டம், வேறு சாட்சி இல்லாவிட்டாலும் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் தண்டிக்க இடம் தருகிறது. சந்தேகம் எழுந்தால் 15999 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.